நடுச்சுவருக்கு ஒரு கையெழுத்து

சார், அந்தச் சுருட்டி வச்சிருக்கறது வீட்டு பிளானா? நினைச்சேன். கோவில்பட்டி பஸ்ஸ்டாண்டுல எல்லாரும் சீட்டுக்கு முண்டும்போது நீங்க அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. தள்ளி உக்காரட்டுமா? நசுங்கிடப் போகுது.

எங்க கட்டுறீங்க? சங்கரன்கோவில்லயா. காலி மனையா, பழைய வீட்ட இடிச்சா? காலி மனை. அப்ப தப்பிச்சீங்க. நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டுங்க. சட்டம் கேக்கறதுக்கு மேல ஒரு அடி சேத்து விட்டாலும் நஷ்டமில்ல. நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, எந்தச் சுவரையும் இன்னொருத்தரோட பொதுவா மட்டும் வச்சுக்கிடாதீங்க. அதுலயும் சொந்தக்காரங்களோட. அதுலயும் தம்பி சம்சாரத்தோட.

நான் கழுகுமலையில இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிருதேன். வீடு கட்டப் போறவரு, உங்களுக்கு உபயோகமா இருக்கும்.

எங்க அப்பா கட்டுன வீடு நீளவாக்குல ஒரே வீடு. அவர் போன பிற்பாடு நானும் என் தம்பி அழகுராஜும் பாகம் பிரிச்சுக்கிட்டோம். நடுவுல ஒரு சுவர். இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு, சுவர் ரெண்டு பேருக்கும் பொது. பத்திரத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. நான் லாரி செட்டுல புக்கிங் கிளார்க்கா இருந்தவன், அவன் எலக்ட்ரிக் கடை வச்சிருந்தான். இங்க வைக்கிற குழம்பு அங்க போகும், அங்க சுடுற வடை இங்க வரும். அவனுக்குப் பிள்ளை இல்ல. என் மகனைத்தான் தூக்கி வளத்தான். நல்லா இருந்தவன், ஒரு நாள் கடையில உக்காந்த மேனிக்கே போயிட்டான். நெஞ்சுவலி.

அதுக்கப்புறம் அந்தப் பக்கம் அவன் சம்சாரம் மட்டும்தான். செண்பகவடிவு. டீச்சரு. சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கி விடுறதுல அவள அடிச்சுக்க ஆள் கிடையாதுன்னு பேரு. என் மகன் எழுத்தெல்லாம் அவ எழுத்துதான்.

இதுல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கிடணும் சார். எங்கள்ல தம்பி சம்சாரம் மூத்தார்கிட்ட, அதான் புருசனோட அண்ணன்கிட்ட, நேருக்கு நேரா பேச மாட்டா. நானும் பேச மாட்டேன். விரோதம் ஒண்ணுமில்ல, அது ஒரு மரியாதை. நான் வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உள்ள போயிருவா. எதாவது சொல்லணும்னா தம்பிகிட்ட சொல்லுவா, தம்பி என்கிட்ட சொல்லுவான். அவன் போன பிற்பாடு என் வீட்டுக்காரி மாரிக்கனிகிட்ட சொல்லுவா, மாரிக்கனி என்கிட்ட சொல்லுவா. பி.எட். படிச்ச பொண்ணு இந்தக் காலத்துல இப்படி இருக்காளேன்னு எனக்குப் பெருமைதான். நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். கல்யாணமாகி வந்ததுலருந்து அவ பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்ல. இப்ப உங்ககிட்டதான் சொல்லுதேன்.

போன வருஷம் மகனுக்குப் பொண்ணு பாத்தோம். சம்பந்தி வீட்டுல வந்து காபி குடிச்சாங்க, சுத்திப் பாத்தாங்க. போகும்போது அந்தம்மா, "வீடு கொஞ்சம் நெருக்கடியா இருக்கே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. சும்மா சொல்லுச்சோ வேணும்னு சொல்லுச்சோ, எனக்கு அது தைச்சுப்போச்சு. "மாடி எடுக்கறோம்ல, தை மாசத்துக்குள்ள முடிஞ்சிரும்"னு சொல்லிட்டேன். மாரிக்கனி என்னைப் பாக்கா. எனக்கே அப்பத்தான் தெரியும் மாடி எடுக்கறோம்னு.

சொன்ன சொல்லுக்கு நிக்கணும்ல? பிரிட்டோன்னு ஒரு இன்ஜினியர், சின்னப் பையன், ஆனா விவரமானவன். வந்து நாலு இடத்துல தோண்டிப் பாத்தான், அஸ்திவாரம் தாங்கும்னான். நடுச்சுவருகிட்ட வந்து நின்னான். தட்டிப் பாத்தான். "இது செம்மண் வச்சுக் கட்டுன பழைய சுவரு சார். பாதி அவங்களுது. இது மேல ஒரு கல்லு வைக்கணும்னாலும் அவங்க சம்மதம் எழுத்துல வேணும். அப்புறம் நான் அந்தப் பக்கம் போய்ப் பாக்கணும்"னான். அந்தப் பக்கம் எதுக்குடான்னேன். "இந்தப் பக்கம் நீங்க பூசி பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க. சுவரோட முதுகு எப்படி இருக்குன்னு அங்க குடியிருக்கறவங்களுக்குத்தான தெரியும்"னான்.

நியாயம்தான். நான் இல்லைங்கல. ஆனா யாரு போய்க் கேக்கறது?

மாரிக்கனி, "நான் கேக்கேன், உடனே கையெழுத்துப் போட்டுக் குடுப்பா"ன்னா. நான்தான் வேண்டாம்னேன். நீ கேட்டா நான் கேட்ட மாதிரிதான். வீட்டுக்கு மூத்தவன், எங்க அப்பா கட்டுன சுவத்து மேல கல்லு வைக்க, நேத்து வந்த பொம்பளகிட்ட சம்மதம் வாங்கணுமா? ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்? நீங்களே சொல்லுங்க. சிரிக்காதீங்க. சரி, நேத்து வந்தவ இல்ல, அது ஒரு பேச்சுக்கு.

வேற வழி இருக்கான்னு பிரிட்டோகிட்ட கேட்டேன். இருக்கு, நடுச்சுவரத் தொடாம உங்க பக்கத்துலயே தூண் எழுப்பிக்கிடலாம், ஹால்ல ஒரு முழம் குறையும், அவ்வளவுதான்னான். சரி போடுன்னுட்டேன். அப்படியே பிளான் போட்டு, முனிசிபாலிட்டி ஆபீஸ்ல குடுத்து, அப்ரூவலும் வாங்கியாச்சு. பாத்தீங்களா, நான் சட்டப்படி போகாதவன் இல்ல. பிளான்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

மாடிப்படி எந்த மூலையில வரணும்கிறதுக்கு ராஜபாளையத்துலருந்து வாஸ்துக்காரரை வரவழைச்சுப் பாத்தேன். ரெண்டு மூலைய மாத்தி மாத்திச் சொன்னாரு. அதுலயே ஒரு வாரம் போச்சு. பூமி பூஜைக்கு நாள் பாத்தேன், நேரம் பாத்தேன். எதுலயும் குறை வைக்கல.

வேலை ஆரம்பிச்ச பிற்பாடுதான் இசக்கி கொத்தனாரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுனாரு, தூண் எங்க வருதுன்னு. ஹாலே போச்சு சார். சோபா போட்டா டி.வி. பாக்க முடியாது, டி.வி. வச்சா ஆள் நடக்க முடியாது. சம்பந்தி வீட்டுல நெருக்கடின்னு சொன்னதுக்குத்தான மாடியே எடுக்கறோம். கீழ நெருக்கிக்கிட்டு மேல விரிச்சு என்ன புண்ணியம்? "என்ன கொத்தனாரே"ன்னேன். அவர் நடுச்சுவரப் பாத்தாரு. "இம்புட்டுத் தடிமனா சுவரு நிக்கி. இதுல பீமை உக்கார வச்சா போதாதா?"ன்னாரு. எங்க அப்பா கட்டுன சுவரு. ரயிலே ஓடலாம் அது மேல. வையின்னுட்டேன். பிரிட்டோ அப்ப திருச்செந்தூர்ல ஒரு வேலைக்குப் போயிருந்தான். வந்தா சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன்.

பீம் உக்காரறதுக்குச் சுவர்ல குழி வெட்டுனாங்க. அன்னைக்குச் சாப்பிடும்போது மாரிக்கனி சொன்னா, "அங்க அடுக்களையில மண்ணு உதிருதாம்." வேலை நடந்தா மண்ணு உதிரத்தான் செய்யும்னேன். நாலு நாள் கழிச்சு மறுபடியும் சொன்னா, "கொத்தனார ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து பாக்கச் சொல்லுதா." எனக்குச் சுருக்குன்னுச்சு. எதுக்கு வந்து பாக்கணும்? குத்தம் கண்டுபிடிச்சு வேலைய நிறுத்தவான்னு கேட்டேன். மாரிக்கனி இன்னொரு தோசைய வச்சிட்டு உள்ள போயிட்டா. நானும் கொத்தனார்கிட்ட சொல்லல. வேலை மும்முரமா நடக்கு, மறந்துபோச்சு. மறந்துபோச்சுன்னும் சொல்ல முடியாது. சொல்லல.

சார், ஜன்னல அடைக்கட்டுமா? புழுதி வருது. இருக்கட்டுமா? சரி.

பிரிட்டோ திரும்பறதுக்குள்ள மேல தளம் போட்டு, சுவர் எழும்பிருச்சு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அவளுக்கு ஸ்கூல் கிடையாது. நான் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். மாரிக்கனி ரேஷன் கடைக்குப் போயிருக்கா. பொம்பள ஆள் வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணு முந்தானையத்தான் பாத்துச்சு, முகத்தப் பாக்கல. செண்பகவடிவு. வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. என்னப் பாத்துப் பேசல. கேட்டு மேல ஒரு அணில் உக்காந்திருந்துச்சு, அதப் பாத்துக் கேக்கற மாதிரி, "அக்கா இல்லையா?"ன்னா. நானும் அவளப் பாக்காம பேப்பர்கிட்ட சொன்ன மாதிரி, "கடைக்குப் போயிருக்கா"ன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. நின்னா சார், நான் கவனிச்சேன். பேப்பர்ல பக்கத்தைக்கூடத் திருப்பாம உக்காந்திருந்தேன். அப்புறம் போயிட்டா.

அன்னைக்குக்கூட எம்புட்டு மரியாதையா நடந்துக்கிட்டா, பாருங்க. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன்.

பேப்பர மடிச்சுக்கூட வைக்கல, அந்தப் பக்கம் தடதடன்னு ஒரு சத்தம். அடுக்களையில கல்லுப் பரண் ஒண்ணு உண்டு, நடுச்சுவர்ல செருகி வச்சது. சுவர் வெடிச்சுப் பரண் கல்லு சரிஞ்சிருச்சு. இவ அதுல இருந்த பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொண்ணா இறக்கி வச்சுக்கிட்டிருந்தாளாம். அந்த நேரம் பாத்து விழுந்திருக்கு. வலது கை அடியில மாட்டிக்கிடுச்சு.

நான் ஓடுனேன் சார். ஓடாம இருப்பனா? அவ வாசல் வரைக்கும் ஒரே ஓட்டம். கதவு திறந்துதான் கிடந்துச்சு. உள்ள அழுகிற சத்தம் கேக்குது. அழுகன்னும் சொல்ல முடியாது, மூச்ச இழுத்து இழுத்து விடுற சத்தம். ஆனா நான் எப்படி உள்ள போறது? தம்பி இல்லாத வீடு. ஒத்தப் பொம்பள இருக்கா, எந்தக் கோலத்துல கிடக்காளோ. தம்பி செத்த பிற்பாடு நான் அந்த வாசல்படி மிதிச்சதே இல்ல. வாசல்ல நின்னு கத்துனேன். "கொத்தனாரே, கொத்தனாரே"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். இசக்கி மேல இருந்து இறங்கி ஓடி வந்து, இன்னொரு ஆளையும் சேத்துக்கிட்டு உள்ள போய்க் கல்லத் தூக்குனாரு. ஆட்டோ பிடிச்சது நான். அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஆட்டோவ ஓடிப்போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்தது நான்தான்.

மாரிக்கனி கூடப் போனா, ஆஸ்பத்திரியிலயே இருந்தா. திரும்பி வந்தவ துணி மாத்திக்கிட்டு, என் முகத்தப் பாக்காம, "கதவு திறந்துதான கிடந்துச்சு?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட சோறு, காபி தவிர வேற பேச்சு இல்ல.

செண்பகவடிவோட அண்ணன் கழுகுமலைக்காரரு. அவர்தான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. ஆளுங்க வந்து டேப் பிடிச்சு அளந்தாங்க. பிளான்ல தூண் இருக்கு, வீட்டுல தூண் இல்ல. மாடியப் பூட்டி சீல் வச்சிட்டாங்க. அந்தப் பக்கம் குடியிருக்க லாயக்கில்லன்னு சொல்லிட்டாங்க, அவ அண்ணன் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. சம்பந்தி வீட்டுல விசயம் தெரிஞ்சு, கல்யாணம் ஆனதும் மகனும் மருமகளும் அங்கயே தங்கிட்டாங்க. என் வீட்டு மாடி வெள்ளைகூட அடிக்காம நிக்கி.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. நானும் போனேன். அவ அண்ணன்கூட வந்திருந்தா. கை முழுக்கக் கட்டு. ஆபீசர் தன்மையான மனுசன். "சண்முகையா, பக்கத்து வீட்டுல நீங்க சம்மதம் கேட்டீங்களா?"ன்னாரு. "எங்கள்ல அந்த வழக்கமில்ல சார், நாங்க நேரா பேசிக்கிட மாட்டோம்"னேன். அவருக்குப் புரியல. "சுவத்துல விரிசல் இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"ன்னாரு. என்கிட்ட யாரும் சொல்லலன்னேன். சத்தியமான வார்த்தை சார். என்கிட்ட யாரும் விரிசல்னு சொல்லல. மண்ணு உதிருதுன்னுதான் சொன்னாங்க.

அப்பத்தான் அது நடந்துச்சு. அதத்தான் என்னால இன்னும் தாங்கிக்கிட முடியல. ஆபீசர் முன்னால, அவ அண்ணன் முன்னால, டைப் அடிக்கிற பொண்ணு முன்னால, இவ என் பக்கம் திரும்புனா. என் முகத்தப் பாத்தா. நேரா.

"அத்தான், அந்தச் சுவரு உங்க தம்பி இருக்கையிலயே வெடிச்சதுதான். அவங்கதான் சிமெண்ட வச்சு அடைச்சாங்க. நான் சொல்லத்தான் வந்தேன். அக்கா இல்ல."

அவ்வளவுதான் சொன்னா. கோபமாக்கூடச் சொல்லல, பள்ளிக்கூடத்துல பிள்ளைகிட்ட சொல்லுற மாதிரி சொன்னா. அத்தான்னு அவ வாயால கேட்டது அன்னைக்குத்தான். இத்தனை வருசம் கட்டிக் காத்த மரியாதை, அம்புட்டுப் பேர் முன்னாலயும் போச்சு. ஆபீசர் தண்ணி குடுத்தாரு.

கேட்டிருந்தா சொல்லியிருப்பாளாம். சரி. நான் இல்லைங்கல. ஆனா அத ஒரு ஆபீசுல வச்சா சொல்றது?

இப்ப பிரிட்டோ ஒரு வழி சொல்லுதான். ஆளு கோபத்துல இருக்கான், ஆனாலும் சொல்லுதான். பீம எடுத்துட்டு, பிளான்ல இருக்கற மாதிரியே தூண் எழுப்பணும். நடுச்சுவர ரெண்டு பக்கமும் இரும்பு குடுத்துப் பலப்படுத்தணும். செலவு என்னோடது. ஆனா அந்தப் பக்கம் கால் வைக்கணும்னா, சுவரத் தொடணும்னா, அவ சம்மதம் வேணும். எழுத்துல. அது இல்லாம ஆபீஸ்ல சீல் எடுக்க மாட்டாங்க. ஆரம்பத்துல எந்தக் கையெழுத்து வேண்டாம்னு ஓடுனேனோ, அதே கையெழுத்து.

மாரிக்கனிய அனுப்பலாம்னு பாத்தேன். "நீ போய் வாங்கிட்டு வா"ன்னேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தவ நிமிராம, "நான் ஏன் போகணும்? அவதான் உங்ககிட்ட நேரா பேசிட்டாள்ல. நீங்களே போய்க் கேளுங்க"ன்னா. கட்டுன பொண்டாட்டி சொல்லுதா.

அதான் கிளம்பிட்டேன். இந்தா, சம்மதக் கடிதம் பிரிட்டோவே டைப் அடிச்சுக் குடுத்திருக்கான். கையெழுத்துப் போட முடியாட்டா கைநாட்டும் செல்லுமான்னு கேட்டேன், செல்லும், சாட்சிக்கு ரெண்டு பேர் இருந்தாப் போதும்னான். அதான் பஸ்ஸ்டாண்டு கடையிலயே மைப்பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன். புதுசு. இடது கை நல்லாத்தான இருக்கு? இடது கைப் பெருவிரல்தான் கேப்பாங்க. சிரமம் ஒண்ணும் இல்ல, ஒரு நிமிச வேலை.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? டீச்சர்கிட்ட கைநாட்டு வாங்குறதாங்கறீங்களா? நான் என்ன செய்ய? அவளால எழுத முடியலையாம்ல.

சார், ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்களும் என்கூட இறங்கி வர முடியுமா? அடுத்த பஸ்ல போயிரலாம், டிக்கெட்டு நான் எடுக்கேன். நான் வாசல்லயே நின்னுக்கிடுதேன். நீங்க உள்ள போய், "உங்க மூத்தார் வந்திருக்காரு, இந்த விசயமா வந்திருக்காரு"ன்னு மட்டும் சொன்னாப் போதும். மிச்சத்த அவ அண்ணன் கேட்டுக்கிடுவாரு. முடியாதா? வேலை இருக்கும். சரி, சரி. சும்மா கேட்டேன்.

எனக்குப் பயமா இருக்கு சார். அவ என்னை ஏசி அனுப்பிட்டாள்னா பரவால்ல, நானும் நாலு வார்த்தை பேசிட்டு வந்துருவேன். ஒண்ணும் சொல்லாம விரல நீட்டிட்டாள்னா? அந்த விரலப் பிடிச்சு மையில வைக்கறது யாரு? அவ அண்ணன் இல்லாட்டா நான்தான வைக்கணும்?

கழுகுமலை வந்துருச்சு. அந்தா கோபுரம் தெரியுது. பைய எடுங்க சார், உங்க காலுகிட்ட இருக்கு.

என்ன கேட்டீங்க? கையா? இப்ப எப்படி இருக்குன்னா?

தகடு வச்சுத் தச்சிருக்காங்கன்னு பிரிட்டோ சொன்னான். இப்ப எப்படி இருக்குன்னு... தெரியலையே. மாரிக்கனிக்குத் தெரியும், தினமும் போன்ல பேசுதா. நான் கேட்டதில்ல. விரல் மடங்குதா, வலி இருக்கா, ஒண்ணும் நான் கேட்டதில்ல. யார்கிட்ட கேக்கறது? மாரிக்கனி பேசமாட்டேங்கா. தம்பி இல்ல. அணில்கிட்டயா கேக்க முடியும்?

கண்டக்டர், ஒரு நிமிசம், இறங்கணும். இறங்குதேன்யா, விசில் அடிக்காத.

முதல்ல அதக் கேக்கணும்கிறீங்க. இந்தக் காகிதத்த வெளிய எடுக்கறதுக்கு முந்தியா?

நேரா அவகிட்டயா சார்?